சோதிக்கவில்லை என்றும் எழுதுவோம்



மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம் போட்ட ஒரு சின்ன ரெசிஸ்டர். 4.7 கிலோ ஓம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என் தொழில் வாழ்க்கையில் என்னை மிகவும் தலைகுனிய வைத்த பொருள் அதுதான். இந்த இதழின் ஆசிரியர் உரையை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஏணி தூக்கிக்கொண்டு சைட்டுக்குச் சைட் அலைந்த காலம். தென்மாவட்ட நகரம் ஒன்றில் தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட ஒரு விடுதியின் தீ அலாரம் எங்கள் பராமரிப்பில் இருந்தது. மாடிக்கு ஒரு ஸோன் என நான்கு ஸோன் கொண்ட கன்வென்ஷனல் பேனல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவேன். வரவேற்பறைக்குப் பக்கத்து டிடெக்டரில் புகை அடிப்பேன், மாடிப்படி ஓரத்து எம்.சி.பி. (மேனுவல் கால் பாயின்ட்) ஒன்றை இயக்குவேன். ஹூட்டர் அலறும். ரீசெட் செய்துவிட்டு, ரிப்போர்ட்டில் “அனைத்தும் நார்மல்” என எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மேலே மூன்று மாடியிலும் ஆட்கள் தங்கியிருப்பார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது மேனேஜரின் வேண்டுகோள்.

மூன்றாம் முறை போனபோது மூன்றாவது மாடியில் வெள்ளையடிக்கும் வேலை முடிந்து அறைகள் காலியாக இருந்தன. சரி, இன்றைக்காவது மேலே பார்த்துவிடுவோம் என்று ஏறினேன். முதல் டிடெக்டரில் புகை அடித்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பேஸைக் கழற்றி மீட்டரை வைத்தேன். வோல்டேஜே வரவில்லை. ஆனால் கீழே பேனலில் நான்காவது ஸோனுக்கும் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

பேனலைத் திறந்தேன். நான்காவது ஸோனின் ஒயர்கள் இரண்டும் டெர்மினலிலிருந்து கழற்றி, டேப் சுற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவை இருக்க வேண்டிய இடத்தில் அந்த ரெசிஸ்டரைத் திருகி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு மழைக்காலத்தில் ஓயாத ஃபால்ட் சத்தத்தை நிறுத்தச் செய்த வேலை அது.

“பச்சை லைட்டு எரியுதுல்ல தம்பி, அப்புறம் என்ன?” என்றார் மேனேஜர். அவர் கேட்டதில் தவறு இல்லை. பச்சை விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் ஸோனின் கடைசி டிடெக்டரில் இருந்தால்தான், பேனல் அனுப்பும் சிறு மின்னோட்டம் முழு ஒயரையும் சுற்றி வரும். நடுவில் எங்கே அறுந்தாலும் ஃபால்ட் விழும். அதையே கொண்டுவந்து பேனல் டெர்மினலில் மாட்டிவிட்டால், பேனல் தன் வாசலையே சோதித்துவிட்டு வீடு முழுக்கப் பத்திரம் என்று சொல்லும்.

அந்த மாடியில் பதினோரு அறைகள். என் கையெழுத்துள்ள இரண்டு ரிப்போர்ட்டுகள் அந்தப் பதினோரு அறைகளும் பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒயரைக் கழற்றியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

நம் தொழிலில் மிக எளிதாக எழுதப்படும் சொல் “நார்மல்”. அதை எழுத அரை நொடி போதும். படிக்கிறவர் அதை “எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், எல்லாம் வேலை செய்கிறது” என்று எடுத்துக்கொள்கிறார். எழுதியவர் சொல்ல வந்ததோ பெரும்பாலும் “நான் பார்த்த நாலைந்தும் வேலை செய்தன” என்பதுதான். இந்த இரண்டுக்கும் இடையில் விடுபடும் பகுதி ரிப்போர்ட்டில் எங்கும் இருப்பதில்லை. அந்த விடுபட்ட பகுதியை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த உரையில் நான் வைக்கும் ஒரே கோரிக்கை.

இந்தக் கோரிக்கைக்குக் காரணம் உண்டு. தீக்கு முன்பே புகை வந்து சேர்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலேறி பால்கனியை நிறைத்தது. 59 பேர் இறந்தார்கள். பார்வையாளர்களை எச்சரிக்க ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யப்படவில்லை என்பது அந்த வழக்கில் பதிவான குறைகளில் ஒன்று. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தொடங்கிய தீ, உறங்கிக்கொண்டிருந்த நோயாளிகளைப் புகையாலேயே கொன்றது. இறந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். நம் ஊரிலேயே, 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்த மூன்றிலும் மனிதர்களுக்குத் தேவைப்பட்டது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களை வாங்கிக் கொடுப்பதுதான் நம் வேலை.

அப்படியென்றால் நாம் சோதிக்காமல் விடுவது எவற்றை? மனசாட்சியோடு எண்ணிப் பார்த்தால் நான்கு இடங்கள் தேறும்.

முதலாவது, பூட்டிய அறைகளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள டிடெக்டர்களும். சர்வர் அறைக்குச் சாவி இல்லை, எம்.டி. அறையில் மீட்டிங், ஐ.சி.யூ.வுக்குள் ஏணி வரக்கூடாது. காரணங்கள் நியாயமானவையாகவே இருக்கலாம். ஆனால் மூன்று காலாண்டும் அதே சாவி கிடைக்கவில்லை என்றால், அந்த அறையில் டிடெக்டர் இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. பெயின்ட் வேலைக்குப் போட்ட பிளாஸ்டிக் மூடி கழற்றப்படாமலே இருக்கும் டிடெக்டர்களைப் பார்க்காத டெக்னீஷியன் நம்மில் யாரும் இல்லை.

இரண்டாவது, பேட்டரி. சார்ஜர் இணைந்திருக்கும்போது மீட்டரை வைத்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 27 வோல்ட் காட்டும். அது சார்ஜரின் வோல்டேஜ். பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமைதி நிலையில் பேனல் 200 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால் 24 மணி நேரத்துக்கு 4.8 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்). அதன்பின் அரை மணி நேரம் ஹூட்டர்கள் ஒலிக்க 1.5 ஆம்பியர் என்றால் இன்னும் 0.75. மொத்தம் 5.55. அதோடு 25 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 6.9. அதனால்தான் அங்கே 7 ஏ.எச். பேட்டரி வைக்கிறோம். அது பழசாகி 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து அந்தக் கணக்கு செல்லாது. சூடான எலெக்ட்ரிகல் அறையில் வைத்த பேட்டரிக்கு அந்த நாள் சீக்கிரமே வரும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது லெட் ஆசிட் பேட்டரிக்கு எல்லாரும் சொல்லும் தோராயக் கணக்கு. மெயின் சப்ளையை நிறுத்தி, ஹூட்டர்களை ஒலிக்கவிட்டு, அந்த நிலையில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதே சோதனை.

மூன்றாவது, பேனலுக்கு வெளியே உள்ள இணைப்புகள். அலாரம் அடித்ததும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்து நிற்க வேண்டும். ஏ.எச்.யூ. (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) நிற்க வேண்டும். கார்டு தேய்த்துத் திறக்கும் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ள வேண்டும். ரிலே மாட்யூல் “டக்” என்று இயங்கியதோடு நம் வேலை முடிந்தது, அந்தப் பக்கம் லிஃப்ட் கம்பெனியின் பொறுப்பு என்று விலகிக்கொள்கிறோம். லிஃப்ட்காரர் நம்மைக் கைகாட்டுகிறார். இரண்டு ஏ.எம்.சி. ஒப்பந்தங்களுக்கும் நடுவில் அந்த ஒயர் அநாதையாகத் தொங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இரு தரப்பும் ஒரே நேரத்தில் நின்று அதைச் சோதிக்க நாம்தான் நாள் குறிக்க வேண்டும்.

நான்காவது, மிகவும் ஆபத்தானது, ஐசோலேஷன், அதாவது ஒரு பகுதியை டிசேபிள் செய்து வைப்பது. ஆயுத பூஜையன்று அலுவலகங்களில் சாம்பிராணி போடுவார்கள். முந்தின நாளே போன் வரும்: “சார், நாளைக்குப் பூஜை, அலாரம் அடிக்காம பண்ணிக் குடுங்க.” லூப்பை டிசேபிள் செய்கிறோம், அல்லது செக்யூரிட்டியிடம் எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறோம். பூஜை முடிந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் விஜயதசமி விடுமுறை. டிசேபிள் ஆகியிருப்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருக்கும். தீபாவளிக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும் அது அப்படியே எரிந்துகொண்டிருந்த கட்டடங்கள் எனக்குத் தெரியும். ஃபால்ஸ் சீலிங் வேலை, வெல்டிங், தூசி கிளப்பும் சிவில் வேலை என ஒவ்வொன்றுக்கும் இதே கதைதான். டிசேபிள் செய்யும்போதே, மீண்டும் எனேபிள் செய்ய வேண்டிய நேரத்தையும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரையும் எழுதி பேனல் கதவில் ஒட்டுங்கள். அதுவரை அந்தத் தளத்தில் ஒருவர் ரோந்து சுற்ற வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஓயாமல் ஃபால்ஸ் அலாரம் தரும் டிடெக்டரை டிசேபிள் செய்வதும் இதில்தான் சேரும். சேம்பருக்குள் தூசி படிந்திருக்கலாம், பூச்சி கூடு கட்டியிருக்கலாம், குளியலறை நீராவி நேராக வந்து மோதலாம், சமையலறையில் ஹீட் டிடெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்மோக் டிடெக்டரை மாட்டியிருக்கலாம். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

இப்போது நிறுவனம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. ஏணியை நகர்த்தி, புகை அடித்து, பேனலில் முகவரி சரியாக விழுகிறதா என்று கீழே இருப்பவரிடம் கேட்டு, ரீசெட் செய்ய ஒரு டிடெக்டருக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். 200 டிடெக்டருக்கு 10 மணி நேரம். அதை நான்கு காலாண்டுக்குப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் 50 டிடெக்டர், இரண்டரை மணி நேரம், இரண்டு ஆட்கள். ஒரே டெக்னீஷியனை ஒரே நாளில் மூன்று சைட்டுக்கு அனுப்பிவிட்டு முழு ரிப்போர்ட் கேட்டால், அவர் “நார்மல்” என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. டெண்டரில் விலையைக் குறைத்தவர்கள் நாம். அந்தக் குறைவைத் தன் கையெழுத்தால் ஈடுகட்டுகிறவர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் இளைஞர். தீ விபத்து நடந்தால் விசாரணை அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தக் கையெழுத்துள்ள காகிதத்தைத்தான்.

தீ அலாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189, பராமரிப்பைக் கால இடைவெளி வாரியாகத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் எதை எப்போது செய்தோம் என்பதைப் பதிவேட்டில் எழுதவும் சொல்கிறது. அதற்கு மேல் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ரிப்போர்ட்டில் “சரி”, “பழுது” என்ற இரண்டுக்கும் அருகே மூன்றாவதாக “சோதிக்கவில்லை” என்று ஒரு கட்டம். அதில் இப்படி எழுதினால் போதும்: “லூப் 2, டிடெக்டர் 41, சர்வர் அறை. சாவி கிடைக்கவில்லை. அடுத்த வருகையில் முதல் வேலை.” கீழே நம் கையெழுத்து, பக்கத்தில் வாடிக்கையாளரின் கையெழுத்து.

வாடிக்கையாளர் இதை ஏற்பாரா, கான்ட்ராக்ட் போய்விடாதா என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்த விடுதியில் நடந்ததை அப்படியே எழுதி, முந்தைய இரண்டு ரிப்போர்ட்டிலும் மூன்றாவது மாடி சோதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து மேனேஜரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். கோபப்பட்டார். பிறகு கேட்டார்: “மத்த ரெண்டு மாடியும் பாத்தீங்களா தம்பி?” அன்று இரவே அறை அறையாகச் சாவி கொடுத்து என்னுடன் நடந்தார். சோதிக்காததைச் சொன்ன பிறகுதான், சோதித்ததாக நான் சொன்னதற்கு அவரிடம் மதிப்பு வந்தது.

இந்தக் காலாண்டு நீங்கள் எழுதப்போகும் முதல் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் அச்சிடப்பட்டிருக்காது. பேனாவால் நீங்களே ஒரு கோடு போடுங்கள். மேலே “சோதிக்கவில்லை” என்று எழுதுங்கள். எவ்வளவு நீளமான பட்டியலானாலும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த காலாண்டு அதை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்