50 வயதுக்கு மாலை! 40 வயதுக்கு சம்மட்டியா?

ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டில் அம்பாசிடர் கார் வராத கல்யாண வீடு அபூர்வம். மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதுதான்.

அந்தக் கார்கள் இப்போது எங்கே?

பாதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கொஞ்சம் தென்னந்தோப்பில் ஓலைக்குக் கீழே கிடக்கிறது. மிச்சம் இருப்பவை டிங்கர் பட்டறைகளில் உயிருக்குப் போராடிக் கொண்டு இருக்கின்றன.

தலைவர்களின் கார்களுக்குக் கவலை இல்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனாரே காமராஜர், அவருடைய செவர்லே காரை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. கோவையில் ஜி.டி.நாயுடு பெயரில் கார்களுக்கு என்றே அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அப்பா வாடகைக்கு ஓட்டிய காரை மகன் காப்பாற்ற நினைத்தால் அவனுக்கு யார் துணை?

பப்படம்

நம்ம மாவட்டத்தில் காருக்கு முதல் எதிரி கடற்காற்று. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே விரலால் அமுக்கினால் பப்படம் போல நொறுங்கும்.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தகர உடம்பேதான் அதற்கு எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி அரித்துவிட்டால் காரின் இடுப்பே போச்சு. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு கார் அப்படி இல்லை. அதற்குத் தனி சேஸிஸ். போல்ட்டுகளைக் கழற்றி உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

அம்பாசிடரின் அரித்த தகரத்தை வெட்டுவதற்கு முன் கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் கதவு மூடாது. புதுத் தகரத்தையும் ஒரே மூச்சில் ஒட்டக் கூடாது. சூட்டில் நெளியும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு ஒட்ட வேண்டும். நாள்கணக்கில் இழுக்கும் வேலை இது.

இதில் மோசடியும் நடக்கிறது. அரித்த ஓட்டையில் பட்டியை அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்து விடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் குட்டு வெளிப்படும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தகரத்தில்தான் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. வாங்குகிறவர்கள் உஷார்!

அரசாங்கக் கணக்கு

2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டிய கார் 'விண்டேஜ்' கார். அதற்குத் தனி நம்பர் உண்டு. பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். வாடகைக்கு ஓட்டக் கூடாது. வரவேற்க வேண்டிய விதி.

ஆனால் 50 வயது வரை அந்தக் கார் பிழைத்துக் கிடக்க வேண்டுமே!

15 வருஷம் முடிந்தால், 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் 10 ஆயிரம் ஆக்கினார்கள். 20-ல் இருந்து 50 வரைக்கும் ஆறு தடவை என்றால் 60 ஆயிரம். பசுமை வரி தனி. டிங்கர் கூலி தனி. தோப்பில் நிற்கும் காருக்கு எவன் கட்டுவான்? எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அரித்த தகரத்தை வெட்டி அதே அளவில் புதுசு ஒட்டினால் அது மாற்றமா, வைத்தியமா? இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் யோக்கியமாக வேலை செய்கிற டிங்கர் குற்றவாளி ஆவான். பட்டி அப்பியவன் தப்பித்துக் கொள்வான்.

வெளிநாட்டில் இத்தனை கெடுபிடி இல்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பு 30 வயதையே கணக்கு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் நல்ல நிலையில் இருக்கும் 30 வயது காருக்குத் தனி நம்பர் பலகை கிடைக்கிறது. இங்கிலாந்தில் 40 வயது ஆனால் சாலை வரி இல்லை.

பழைய கார் புகை கக்கும் என்பது வாஸ்தவம். தினமும் ஓட்ட வேண்டாம். வாடகைக்கும் வேண்டாம். 30 வயது தாண்டிய காருக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு பதிவு, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு. வெட்டி ஒட்டிய வேலைக்குப் படம் எடுத்துக் காட்டினால் ஒப்புக் கொள்ள வேண்டும். இதைச் செய்ய எந்த கஜானாவும் காலி ஆகாது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. 1984-ல் வந்த கான்டெஸாவுக்கு 50 வயது ஆக 2034 வரை காத்திருக்க வேண்டும். பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன்கள் வந்துவிட்டார்கள். மரச்சுத்தியல் பிடிக்கும் கைகள் குறைந்து கொண்டே போகின்றன.

விதி மத்திய அரசின் விதி. கன்னியாகுமரி எம்.பி. வருகிற கூட்டத் தொடரிலேயே இதைக் கேட்க வேண்டும்.