முட்டை மார்க்குக்கு முன்னால் ஒரு மைனஸ்!

என் தம்பி பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். போன மாசம் மேத்ஸ் இன்டர்னல் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். முதல் கணக்கின் மேல் சிவப்பு மையில் ஒரு அடி, பக்கத்தில் பெரிய முட்டை. வேறு ஒரு எழுத்து இல்லை.

"பத்தாவதுல நல்லாத்தானேடா போட்டே?" என்றார் அம்மா.

"எனக்கு மேத்ஸ் வராதும்மா. நின்னுட்டு வேலைக்குப் போறேன்."

அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. கணக்கு என்றால் காத தூரம். இருந்தாலும் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். இரண்டு எண்களைக் கூட்டினால் 5. முதல் எண்ணை இரட்டிப்பாக்கி, இரண்டாவதைக் கழித்தால் 1. அந்த எண்கள் என்ன? விடை 2, 3 என்று நீங்கள் மனசுக்குள்ளேயே போட்டிருப்பீர்கள். ஆனால், இதை அணிக்கோவை வைத்து, கிராமர் விதிப்படி போட வேண்டும்.

தம்பி விதியைச் சரியாக எழுதியிருந்தான். மூன்று அணிக்கோவைகளையும் சரியாக அமைத்திருந்தான். முதல் அணிக்கோவையில் மட்டும் மைனஸ் 1-லிருந்து 2-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டான். மைனஸ் 3 வரவேண்டிய இடத்தில் 1. அதனால் வகுக்கும்போது இரண்டு விடையும் போச்சு: மைனஸ் 6, மைனஸ் 9.

ஒரே ஒரு குறி. மற்றதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டெப்புக்கு ஸ்டெப் மார்க் போட்டிருந்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும். முட்டையைப் பார்த்தவன் 'எனக்கு ஒண்ணுமே தெரியலை' என்று நம்பிவிட்டான்.

பாலிடெக்னிக்கில் தியரி பேப்பருக்கு போர்டு எக்ஸாம் மார்க்கும் உண்டு, இன்டர்னல் மார்க்கும் உண்டு. போர்டு எக்ஸாம் பேப்பர் எங்கோ திருத்தப்படுகிறது. நம்மிடம் தானாக வருவது மார்க் மட்டும்தான். திருத்திய பேப்பர் தானாகவே மாணவன் கைக்குத் திரும்பி வருவது இன்டர்னலில்தான். தப்பு எங்கே என்று தெரிந்துகொள்ள இருக்கும் சுலபமான ஜன்னல் அது. அதையும் முட்டை போட்டு மூடலாமா?

நான் இப்படிப் பொரிந்து தள்ளியதும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா சிரித்தார். "எங்க பட்டறையில ஸ்டெப் மார்க் கிடையாதும்மா. அளவு தப்பினா பீஸ் ஸ்கிராப்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொல்வதும் நிஜம்தானே? நாளைக்கு இவன் போடும் கணக்கை நம்பி யாரோ இரும்பை வெட்டப்போகிறார்கள்.

"அதுக்குத்தான் கடைசி கட் கொடுக்கறதுக்கு முன்னாடி வெர்னியர் வெச்சுப் பாப்போம்" என்றார், தம்பியைப் பார்த்து. "நீ பாத்தியாடா?"

தம்பி பேப்பரை வாங்கினான். மைனஸ் 6-ஐயும் மைனஸ் 9-ஐயும் கூட்டினான். மைனஸ் 15. வரவேண்டியது 5. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, தப்பை அவனே பிடித்துவிட்டான்.

ஆசிரியர்களே, ஸ்டெப்புக்கு மார்க் கொடுங்கள். விடையைச் சரிபார்த்து எழுதினால் அதற்கும் ஒரு மார்க் ஒதுக்குங்கள். மார்க் கிடைக்கும் என்றால் பசங்க கட்டாயம் சரிபார்ப்பார்கள். அந்தப் பழக்கம் பட்டறை வரைக்கும் கூட வரும்.

பெற்றோர்களே, பேப்பர் வீட்டுக்கு வந்தால் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே விட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி இப்போதைக்கு நிற்கவில்லை. அடுத்த இன்டர்னல் வருகிற வாரம்!