அஞ்சலி எவர் உரிமை?

அஞ்சலிக் கச்சேரி செய்வோர் பிறர் புகழிலே குளிர்காய்பவர் என இகழ்வோர் உளர். அஞ்சலி செலுத்துவதற்கே போராட நேர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878–1952) வாழ்வை அன்னார் அறியார் போலும்.

திருவையாற்றிலே கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளால் ஆலயம் எழுப்பி, 1926இல் குடமுழுக்குச் செய்வித்தவர் அவர். ஆயினும், ஆராதனை நடத்திய ஆடவர் குழுக்கள் பெண்களுக்குப் பாட இடமளிக்கவில்லை. தேவதாசி மரபில் வந்த அவ்வம்மையார் இரந்து நிற்காது, பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். 1940இல் குழுக்கள் ஒன்றிணைந்தன. பெண்குரலும் பொது அரங்கிலே இடம்பெற்றது.

பாட்டை வணங்கிப் பாடுவோரைப் புறந்தள்ளும் அஞ்சலி வெறும் ஆதிக்கமே. கலையைப் போற்றுகின்றோம் என மார்தட்டுவோரே! அப்போற்றுதலுக்கு வாயிற்காவல் நிற்கும் அதிகாரத்தை உங்களுக்கு அளித்தவர் யார்?