தோற்ற அணி ஏன் மேலே நிற்கிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிப்ரவரி முடியும்போது ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். பள்ளிகளுக்கான ஐஸ் ஹாக்கி நாக்-அவுட் போட்டியின் தரவரிசை அப்போதுதான் வெளியாகும். இருபது ஆட்டத்தில் பதினேழில் வென்ற ஊர்ப் பள்ளி பன்னிரண்டாம் இடத்தில் இருக்கிறது, எட்டில் தோற்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி மூன்றாம் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வரிசையைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மே மாதக் கடைசியில் பேஸ்பால் வரிசை வரும்போது அதே வாக்குவாதம் மறுபடி நடக்கும். பணக்காரப் பள்ளிக்கு மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் சலுகை காட்டுகிறது என்பார்கள்.

குற்றச்சாட்டு தவறு. ஆனால் அதற்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில் பள்ளிகள். பாஸ்டனைச் சுற்றி ‘கேத்தலிக் கான்ஃபரன்ஸ்’ என்றொரு லீக் இருக்கிறது. இயேசு சபையார் 1863-இல் தொடங்கிய பாஸ்டன் காலேஜ் உயர்நிலைப் பள்ளி, சவேரியார் சபைச் சகோதரர்கள் நிறுவிய டான்வர்ஸ் செயின்ட் ஜான்ஸ் ப்ரெப் (1907), மால்டன் கேத்தலிக் (1932), வெஸ்ட்வுட் ஊரின் சேவேரியன் பிரதர்ஸ் (1963), வெஸ்ட் ராக்ஸ்பரியின் கேத்தலிக் மெமோரியல் (1957), கொஞ்சம் மேற்கே ஷ்ரூஸ்பரியில் உள்ள செயின்ட் ஜான்ஸ். எல்லாமே பையன்களுக்கென்று எழுந்தவை. மால்டன் மட்டும் 2018-இல் பெண்களுக்குத் தனிப் பிரிவு திறந்தது. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளிகளின் பிள்ளைகள் படித்த கல்வி மரபு இது. இன்று இவற்றில் பலவற்றின் ஆண்டுக் கட்டணம் 20,000 டாலரைத் தாண்டிவிட்டது.

குளிர்காலம் ஐஸ் ஹாக்கிக்கு, வசந்தம் பேஸ்பாலுக்கு. ஹாக்கிப் பயிற்சி நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் விழா முடிந்ததும் தொடங்கி, போட்டிகள் மார்ச் நடுவில் முடிகின்றன. பேஸ்பால் பயிற்சியும் மார்ச்சிலேயே ஆரம்பம். மைதானத்தில் பனி உருகாத வருடங்களில் முதல் இரண்டு வாரம் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பந்து வீசிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஆடும் பையனுக்கு இடையில் ஓய்வென்று எதுவும் கிடையாது. ஹாக்கி பதினைந்து நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதி. பள்ளி பேஸ்பால் ஒன்பது இன்னிங்ஸ் அல்ல, ஏழு. ஹாக்கி அணியின் கணக்கை 12-6-2 என்று எழுதினால் வெற்றி, தோல்வி, சமன். பேஸ்பாலில் பொதுவாக இரண்டு எண்தான்.

சண்டையே இந்த எண்களில்தான் பிறக்கிறது. 2021-22 கல்வியாண்டுக்கு முன்பு வரை மாசசூசெட்ஸில் வடக்கு, தெற்கு, நடு, மேற்கு என்று வட்டாரப் போட்டிகள் நடந்து, வென்றவர்கள் கடைசியில் மோதுவார்கள். அந்த ஆண்டு முதல் வட்டாரங்கள் போய், ஒவ்வொரு டிவிஷனுக்கும் மாநிலம் முழுவதற்குமான ஒரே வரிசை வந்தது. அந்த வரிசையில் முதல் 32 இடத்துக்குள் வரும் அணிகளுக்கு இடம் உண்டு. அதற்கு வெளியே இருந்தாலும், ஆடியதில் பாதிக்குக் குறையாமல் வென்றிருந்தால் உள்ளே வரலாம். அதாவது, வென்றதைவிட அதிகம் தோற்ற அணியும் வரிசையில் மேலே இருந்தால் போதும், கதவு திறக்கும்.

வரிசை எப்படித் தயாராகிறது? மூன்று விஷயங்கள் சேர்கின்றன: வென்றாயா தோற்றாயா, எவ்வளவு வித்தியாசத்தில், யாரிடம். வித்தியாசத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பலவீனமான அணியைப் போட்டு நசுக்கினால் கூடுதல் லாபம் இல்லை. கனம் ‘யாரிடம்’ என்பதில்தான். கேத்தலிக் கான்ஃபரன்ஸ் பள்ளிகள் சீசன் முழுக்க ஒன்றோடொன்று மோதுகின்றன. லீக்குக்கு வெளியேயும் வலுவான அணிகளைத்தான் தேடிப் பிடித்து ஆட்டம் வைத்துக்கொள்கின்றன. ஆறு பள்ளி ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் எல்லாருக்கும் தோல்வி சேரும், அதைத் தவிர்க்க வழியே இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூறு வாங்கியவனும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் அறுபது வாங்கியவனும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நின்றால் என்ன செய்வீர்கள்? மாநிலச் சங்கம் செய்வது அதைத்தான், வினாத்தாளையும் சேர்த்துப் பார்க்கிறது.

எனவே சலுகை என்ற குற்றச்சாட்டு நிற்காது. முன்பிருந்த ஏற்பாட்டில்தான் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குத் தனி மேடை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். 1990-களின் தொடக்கத்திலிருந்து ஹாக்கிக்கு ‘சூப்பர் எய்ட்’ என்றொரு போட்டி நடந்தது. மாநிலத்தின் மிக வலுவான அணிகளை மட்டும் ஒரு குழு தேர்ந்தெடுத்து, மற்றவர்களிடமிருந்து பிரித்து ஆடவிடும். கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகள் மற்றவர்களை மூழ்கடித்துவிடக் கூடாது என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது. கேத்தலிக் மெமோரியல் அந்தக் கோப்பையைப் பல முறை தூக்கியது. 2020 மார்ச்சில் ஆர்லிங்டன் பள்ளியும் போப் பிரான்சிஸ் பள்ளியும் மோதவிருந்த இறுதி ஆட்டம் கொரோனாவால் ரத்தாகி, இருவரும் கூட்டுச் சாம்பியன் ஆனார்கள். அதன்பின் மாநிலம் தழுவிய வரிசை வந்தது, சூப்பர் எய்ட் போனது. 2014-இல் பேஸ்பாலுக்கும் இப்படியொரு போட்டி ஆரம்பித்திருந்தார்கள்; அதுவும் கூடவே போயிற்று. ஒரு குழு உட்கார்ந்து யார் பெரியவர் என்று முடிவு செய்வதைவிடக் கணக்கு முடிவு செய்வது மேல் என்பது என் எண்ணம். குழுவிடம் விளக்கம் கேட்க முடியாது, சூத்திரத்தை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

இனி நியாயமான கேள்வி. ஊர்ப் பள்ளிக்கு எல்லை இருக்கிறது. அந்த ஊரில் அந்த வருடம் நல்ல கோல்கீப்பர் பிறந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கத்தோலிக்கப் பள்ளிக்கு அப்படி எல்லை கிடையாது. ஒரே அணியில் பல ஊர்ப் பையன்கள் இருப்பார்கள். விளையாட்டுக்காக ஆள் பிடிக்க விதி அனுமதிப்பதில்லை. ஆனால் பத்து வயதிலிருந்து கிளப் அணியில் ஆடும் பையனின் அப்பாவுக்கு, எந்தப் பள்ளியின் ஹாக்கி எப்படி என்று யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1960-களின் நடுவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் படித்தார்கள், இன்று இருபது லட்சத்துக்கும் கீழே. மாணவரைத் தேடும் நிலையில் உள்ள ஒரு பள்ளிக்கு, ஜெயிக்கிற அணிதான் விளம்பரம். இதைக் கபடம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் தற்செயல் என்றும் சொல்ல முடியாது.

இந்த எல்லையின்மை எந்த ஆட்டத்தில் அதிகம் கைகொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹாக்கியில் நல்ல கோல்கீப்பர் ஒருவன் இருந்தால், மார்ச்சின் நாக்-அவுட்டில் அவனே எல்லா ஆட்டத்திலும் நிற்கலாம். சின்ன ஊர் பெரிய பள்ளியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அப்படித்தான். பேஸ்பாலில் அது நடக்காது. பதின்வயதுத் தோள்பட்டை தாங்காது என்பதால், பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு 2017 சீசனிலிருந்து ஒரு பிட்ச்சர் வீசும் பந்துகளை எண்ணி வரம்பு வைத்து, வீசியதற்கேற்ப ஓய்வு நாள் தருவதை மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கியது. முதல் ஆட்டத்தில் நூறு பந்து வீசியவன் மறுநாள் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். ஆக, பேஸ்பாலில் வெல்ல மூன்று நான்கு பிட்ச்சர்கள் வேண்டும். பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்குத்தான் அது சுலபம். ஹாக்கி பற்றியே எல்லாரும் சத்தம் போடுகிறார்கள், ஆனால் சாய்வு அதிகம் இருப்பது வசந்தத்தில்.

திறமை தனியார் பள்ளியில்தான் முளைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. டாம் கிளாவின் பாஸ்டனுக்கு வடமேற்கே பில்லரிக்கா ஊரின் பொதுப் பள்ளியில் இரண்டு ஆட்டமும் ஆடியவர். தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1984-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை பேஸ்பாலுக்கு இரண்டாம் சுற்றில் எடுத்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் ஐஸ் ஹாக்கிக்கு 69-ஆவது ஆளாக எடுத்தது. பின்னாளில் கிங்ஸின் பெரும் நட்சத்திரமான லூக் ரோபிட்டேய் அதே தேர்வில் 171-ஆவதுதான்! கிளாவின் பேஸ்பாலைத் தேர்ந்தார், 305 ஆட்டங்களில் வென்றார், 2014-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்.

மற்ற மாநிலங்கள் இந்தச் சாய்வைச் சரிக்கட்ட வேறு வழி தேடின. இல்லினாய் 2005-இல் ஒரு பெருக்கல் எண் கொண்டுவந்தது. எல்லை இல்லாத பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கி, அதற்கேற்ற டிவிஷனில் போடுவார்கள். ஒரே பாலினப் பள்ளியானால் அதற்கு முன்பே எண்ணிக்கை இரண்டால் பெருகும். ஆயிரம் பையன்கள் படித்தால் 3,300 பேர் படிப்பதாகக் கணக்கு. (ஐஸ் ஹாக்கி அங்கே மாநிலச் சங்கத்தின் கீழ் வருவதில்லை என்பதால், பேஸ்பால் போன்றவற்றுக்குத்தான் இது.) தன்னைவிடப் பெரிய பள்ளிகளோடு மட்டும் மோதவிட்டு, எல்லை தந்த லாபத்தை எண்ணிக்கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. முரட்டு வழிதான், ஆனாலும் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது.

நியூ ஜெர்சி இன்னும் நேராகப் போய், பொதுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் பேஸ்பாலில் தனித்தனி மாநிலப் பட்டம் என்று வைத்துவிட்டது. சத்தம் அடங்கியது, அதற்கு விலையும் இருந்தது. மாரிஸ்டவுனில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் டெல்பார்ட்டன் ஆண்கள் பள்ளி இரண்டு ஆட்டத்திலும் பேர்போனது. 2019-இல் பள்ளி முடித்த ஒரே வகுப்பிலிருந்து, அந்தோனி வோல்ப்பி யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் ஆனார். பிட்ச்சர் ஜாக் லைட்டர் 2021 தேர்வில் டெக்சஸ் ரேஞ்சர்ஸால் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். மாவட்ட அளவில் பக்கத்து ஊர்ப் பொதுப் பள்ளிப் பையன்கள் அவர்களை எதிர்கொள்ளலாம். மாநிலப் பட்டத்துக்கான ஆட்டத்தில் லைட்டரின் பந்துக்கு எதிரே மட்டையோடு நிற்க அந்தப் பையன்களுக்கு வழியே இல்லை. மாசசூசெட்ஸில் அந்த வழி இருக்கிறது, பன்னிரண்டாம் இடத்தில் இருந்து கோபப்படும் ஊருக்கும் சேர்த்து.