இலவசக் குடையின் விலை

செக்கிழுத்த செம்மல் யார் என்று கேட்டால் கோவை மாநகரின் சிறு பிள்ளையும் விடை கூறும். வ.உ. சிதம்பரனார் பெயரால் இங்கே பூங்காவும் திடலும் உள்ளன. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் கோவைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதர் இழுத்தார். இதனை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அவர் கப்பல் விட்ட கதையில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. அதனை நாம் இன்னும் சரிவரக் கற்றுக்கொண்டோமா என்பதே நம் ஐயம்.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. அதன் முதலீடு 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. அதுவரை அக்கடல்வழியைத் தன் கையில் வைத்திருந்த ஆங்கிலேயக் கம்பெனி இதனைப் பொறுக்கவில்லை. பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பலார் எட்டணாவாகக் குறைத்தனர். அப்போது ஆங்கிலேயக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறி வருவோருக்கு ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்ததாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இதுதான்!

குடையை வாங்கிக்கொண்டு ஏறியவர்களை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் ஏழைகள். எட்டணா அவர்களுக்குப் பெரிய தொகை. ஆயினும் அந்தப் பயணம் உண்மையில் இலவசமானதா? கப்பலுக்குக் கரி வேண்டும், மாலுமிக்குக் கூலி வேண்டும். அதனை யாரோ செலுத்தத்தானே வேண்டும்? சுதேசிக் கப்பல்கள் ஆளின்றி ஓடின. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். பின்னர் சங்கமும் கலைந்தது. இலவசக் குடையின் விலையை ஒரு மனிதர் நம் கோவைச் சிறையில் தம் தோளால் செலுத்தினார்.

இந்த மனிதர் கப்பலை மட்டும் எண்ணியவர் அல்லர். அதே 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு ஓய்வும் அவர்களின் கோரிக்கைகள். ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த கோவைக் குடும்பங்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. கப்பல் யாருடையது என்று கேட்டவரே, உழைப்பவன் எப்படி நடத்தப்படுகிறான் என்றும் கேட்டார்.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் மலைகளை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களில் உழைத்த 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவர்களில் பெரும்பாலோரைத் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலே சுமந்து வந்தது. அவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கவென்று 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலும் வால்பாறையிலும் உள்ளன. நாம் காலையில் அருந்தும் தேநீரிலும் ஒரு கப்பல் பயணம் கலந்திருக்கிறது.

பயணிகள் கப்பல் என்பது மிகவும் எளியவனின் வண்டி. வசதி உள்ளவன் விமானம் ஏறுவான். தட்டுமுட்டுச் சாமான்களோடு வருகிற குடும்பம் கப்பலின் டெக்கில்தான் பாய் விரிக்கும். எனவே, ஒரு கப்பல் நிறுவனம் நேர்மையானதா என்பதை அதன் முதல் வகுப்பு அறையில் அன்று, கீழ்த்தட்டில் இருப்பவனிடம்தான் கேட்டறிய வேண்டும். 1985 பிப்ரவரியில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள் நம் அண்டை மாநிலத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். இன்னும் நான்கு பேரை ஏற்றினால் இன்னும் நான்கு சீட்டு என்று எண்ணும் மனமே அத்தகைய விபத்துக்கு முதற்காரணம்.

பயணி, மாலுமி என்னும் இருவருக்கு அப்பால், வாய் திறந்து முறையிட இயலாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர்தாம் கடல்! கப்பலின் புகையும், கழிவுநீரும், குப்பையும் அங்கேதான் சேருகின்றன. கப்பல் எரிபொருளில் கந்தகம் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த உலக விதி, 2020 ஜனவரி முதல் அரைப் பங்காகக் குறைக்கப்பட்டது. பிளாஸ்டிக்கைக் கடலில் எறியலாகாது என்ற விதி 1988 டிசம்பர் இறுதியிலேயே நடைமுறைக்கு வந்தது. மாலுமிக்கு ஒரு நாளில் பத்து மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. ஏட்டில் விதிகள் உள்ளன. அவற்றைக் கடைப்பிடிக்கப் பணம் வேண்டும். எவ்வளவு மலிவாயினும் போதாது என்று பயணி கேட்கும்போது, முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான்.

நேர்மையான வழி உண்டா? உண்டு. 2017 ஜனவரியில் கேரளத்தின் வைக்கத்திலிருந்து தவணக்கடவு வரை ‘ஆதித்யா’ என்னும் சூரிய ஒளிப் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறும் படகு அது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் படகுகள் மின்கலத்தால் இயங்கித் தீவு மக்களை நகரோடு இணைத்தன. அந்தமான் தீவினருக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டும் புறப்பட்டபோது, சீட்டு விலை ஏறாதிருக்க இந்திய அரசு பொருளுதவி அளித்தது. ஏழைக்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், எஞ்சிய தொகையை ஒரு சமுதாயம் தெரிந்தே மனமுவந்து ஏற்பது வேறு. மாலுமியின் தூக்கத்திலிருந்தும் கடலின் மடியிலிருந்தும் திருடுவது வேறு. முன்னது அறம்; பின்னது அந்தப் பழைய குடை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி நம்மை அழைத்தது. கப்பலில் இவ்விரண்டும் ஒரே தளத்தில் ஒலிக்கின்றன. ஜூலைத் திங்களின் இரண்டாம் ஞாயிற்றைக் கடலில் உழைப்போருக்கென்று திருச்சபை ஒதுக்கியிருப்பதும் நம் நினைவில் நிற்கட்டும்.

அன்பு வாசகர்களே, வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் செல்லாத பங்கு நம்மிடையே இல்லை. புயலில் சிக்கிய போர்த்துக்கீச மாலுமிகளின் நேர்ச்சையால் அங்கே ஆலயம் எழுந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொன்ன வரலாறு. அவ்வாலயக் கரையில் ஒரு பிளாஸ்டிக் பையை எறிந்துவிட்டு அன்னையிடம் மன்றாடுவது தகுமா? கன்னியாகுமரியிலோ கொச்சியிலோ படகு ஏறும்போது, கூட்டம் மிகுந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கியை நீங்களே கட்டிவிடுங்கள். சீட்டு மலிவாகக் கிடைத்தால் மகிழுங்கள். கூடவே, மிச்சத்தை யார் செலுத்துகிறார் என்று ஒரு சொல் கேளுங்கள். கேட்கும் பயணி இருக்குமிடத்தில்தான் முதலாளிக்கு மனச்சான்று விழித்திருக்கும்.