கொரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

சென்ற மாதம் சங்க நூலகத்தில் ஒரு நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். மத்திய அரசுப் பணியில் இருப்பவர். மகள் சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டாள். அடுத்துக் கொரியச் சமூகத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாகச் சொல்கிறாளாம். "ஏன் சார், கொரியாவைப் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அப்போது ஏதோ மழுப்பி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நண்பரின் கவலை நியாயமானதே. தில்லியில் கொரிய மொழி கற்க வசதிக்குக் குறைவில்லை. நேரு பல்கலைக்கழகத்தில் 1995 முதல் அது பட்டப்படிப்பு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறையிலும் கற்கலாம். 2012-ல் கொரியப் பண்பாட்டு மையமும் வந்துவிட்டது. ஆனால் சமூகவியல் மாணவிக்கு இடம் எங்கே? நேரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி ஒரு புலத்தில் இருக்கிறது, கிழக்காசிய அரசியல் இன்னொரு புலத்தில், சமூகவியல் மூன்றாவதில். மொழித் துறையினர் இலக்கியத்தை எதிர்பார்ப்பார்கள். சர்வதேச உறவுக்காரர்களுக்கு ஏவுகணையும் வர்த்தகமும் முக்கியம். சமூகவியலாரோ, "இந்தியாவில் எந்த ஊரை ஆராய்கிறாய்?" என்பார்கள்.

நமது சமூகவியல் உள்ளூரைப் படித்தே வளர்ந்தது. 1959-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் அத்துறையைத் தொடங்கிய எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தை ஆராய்ந்தவர். அவரது துறையைச் சேர்ந்த வங்கத்து ஆந்த்ரே பெத்தே, தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1965-ல் வந்தது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் பிறர் வந்து நம்மைப் படித்ததுபோல நாமும் பிறரைப் போய்ப் படிக்க வேண்டாமா?

கொரியா என்றதும் நம்மவர்கள் 'அம்மா, அப்பா' ஒற்றுமையைச் சொல்லி மகிழ்கிறோம். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலார் இன்றுவரை அந்த உறவை ஏற்கவில்லை. நாமோ அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட்டோம்.

ஆனால் கொரியா நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலீடு போய்விடுமோ என்ற பேச்சே அப்போது பலமாக அடிபட்டது. அந்த முதலாளிகளின் நாட்டில் தொழிலாளர் என்ன பட்டார்கள், எப்படி உரிமை பெற்றார்கள் என்று தமிழில் எடுத்துச் சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்?

அதைச் சொல்லும் நூல் உண்டு. ஹேகன் கூ என்ற சமூகவியலர் 2001-ல் எழுதிய 'கொரியத் தொழிலாளர்கள்'. 1970-ல் சியோலில் தையல் தொழிலாளி சுன் தே-இல் தீக்குளித்தது, எழுபதுகளில் ஆலைப் பெண்கள் போராடியது, 1987-ன் பெரும் எழுச்சி எல்லாம் அதில் உண்டு. கூ பணியாற்றியது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில். சமூகவியல் துறையில் பேராசிரியராக இருந்துகொண்டே கொரியாவை ஆராய அங்கே அவருக்கு இடம் இருந்தது. 1972 முதலே அங்கு கொரிய ஆய்வு மையமும் உண்டு.

நமக்கும் அதுதான் தேவை. சமூகவியல் துறையும் கொரியத் துறையும் சேர்ந்து நியமிக்கும் ஒரு பதவி. புதிய கட்டடம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். நம் வாசகர்களில் பல்கலைக்கழகங்களிலும் அமைச்சகங்களிலும் இருப்பவர்கள் பலர். அவர்கள் இதை எடுத்துப் பேசலாம்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மகளைத் தடுக்காதீர்கள். முதலில் மொழியை ஒழுங்காகக் கற்கட்டும். சமூகவியலை விட்டுவிடாமல் இருக்கட்டும். அவள் படித்து முடிப்பதற்குள் அந்த நாற்காலியைத் தேடி வைப்பது பெரியவர்களான நம் பொறுப்பு.