ஒட்டுப்படமும் பொய்ச்சாட்சியும்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்பது நம் பாட்டிமார் வாயிலும் வழங்கும் பழமொழி. ஆயினும், அதைப் புகைப்படத்துக்கும் பொருத்திப் பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்? ஒருவன் வாயால் சொன்னால் சாட்சி கேட்கிறோம். எழுதிக் காட்டினால் கையெழுத்தைச் சோதிக்கிறோம். படத்தைக் காட்டினாலோ வாயடைத்து நிற்கிறோம். “படமே இருக்கிறதே, இதற்குமேல் ருசு எதற்கு?” என்கிறோம். இந்த மயக்கத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்வோரைக் குறித்துச் சில உண்மைகளைக் கூற விரும்புகிறோம்.

படங்களை இணைப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1857-இல் ரைலாண்டர் என்னும் கலைஞர் முப்பதுக்கு மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே சித்திரமாக அமைத்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்ஸன், மரணப் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் காட்சியை ஐந்து நெகடிவ்களைக்கொண்டு ஆக்கினார். அவை கலை, கலையென்றே காட்டப்பட்டவை. மகளின் மணப்படத்தில் மறைந்த கணவனின் உருவத்தையும் சேர்த்துத் தரும்படி வேண்டும் தாயை யார் குறை கூறுவர்? அவர் அன்று பந்தலில் இல்லை என்பதை அவ்வீட்டார் அனைவரும் அறிவர். அங்கே ஏமாற்றப்படுபவர் ஒருவருமில்லை.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது? அமெரிக்க உள்நாட்டுப் போரின் நாயகர் ஜெனரல் கிராண்ட், ஸிட்டி பாயிண்ட் என்னும் பாசறையில் குதிரைமேல் வீற்றிருக்கும் படம் ஒன்றுண்டு. 1902-இல் ஹாண்டி என்னும் புகைப்படக்காரர் வெளியிட்டது அது. பின்னாளில் ஆராய்ந்தபோது நம் வேதாளக் கதையில் தலை மாறிய கணவனின் கதியாயிற்று! தலை கிராண்டினுடையது, உடலும் குதிரையும் மக்குக் என்னும் வேறொரு தளபதிக்குச் சொந்தம், பின்னால் தெரியும் கூட்டமோ 1864-இல் பிடிபட்ட எதிர்ப்படைக் கைதிகள். மூன்று படங்கள் ஒன்றாகி ஒரு சரித்திரம் பிறந்துவிட்டது. இதனால் யார் குடியும் கெடவில்லை எனலாம். ஆனால் குடி கெடுத்த படமும் உண்டு.

1950-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில் ஸெனட் தேர்தல். 1927 முதல் அப்பதவியில் இருந்த மில்லர்ட் டைடிங்ஸ் மீண்டும் அபேட்சகராக நின்றார். அரசாங்க இலாகாவில் கம்யூனிஸ்டுகள் மலிந்துள்ளனர் என்று ஸெனட்டர் மக்கார்த்தி சாட்டிய குற்றங்களை விசாரித்து, அவற்றை மறுத்து அறிக்கை தந்த கமிட்டியின் தலைவர் இவர். மக்கார்த்தி கோஷ்டிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தேர்தல் சமயத்தில் நான்கு பக்கப் பத்திரிகை ஒன்று சுமார் 5 லட்சம் பிரதிகள் வீடு வீடாகப் பறந்தது. அதில் ஒரு படம்: கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் தலைவர் ஏர்ல் ப்ரௌடர் ஏதோ கூற, டைடிங்ஸ் அருகிருந்து உன்னிப்பாகக் கேட்கிறார். உண்மையில் டைடிங்ஸ் உன்னிப்பாகக் கேட்டது 1938-இல், வானொலியை! அந்தப் படத்தருகே வேறொரு சமயத்தில் எடுத்த ப்ரௌடரின் படத்தை ஒட்டினர். வானொலி இருந்த இடத்தில் ப்ரௌடர் வந்து அமர்ந்தார்.

டைடிங்ஸ் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் தோற்றார். தோல்விக்கு இப்படம் ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் 1951-இல் ஸெனட் உபகமிட்டியே இச்செயலை வன்மையாகக் கண்டித்தது. கண்டனம் ஏட்டில் நின்றது. வென்றவர் நாற்காலியில் நின்றார்.

இனி, அவர்கள் சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள். “படத்தின் கீழே ‘இணைப்புப் படம்’ என்றே அச்சிட்டிருக்கிறோமே! இதில் பொய் எங்கே?” என்றனர். ஆம், அச்சொல் அங்கே இருந்தது. கண் முதலில் படத்தைத் தின்றுவிடுகிறது. சிறு எழுத்தைப் படிப்பவன் நூற்றில் ஒருவன். படித்தவன் மனத்திலும் அவ்விருவரும் நெருங்கி அமர்ந்த கோலமே தங்கும். விசாரணையில் ப்ரௌடர் டைடிங்ஸின் முன் சாட்சியாக நின்றது மெய்தான். விசாரித்தவனையும் விசாரிக்கப்பட்டவனையும் உற்ற நண்பராக்கியதே அப்படத்தின் பொய். விஷப் புட்டியில் “விஷம்” என்று பொடியெழுத்தில் ஒட்டிவிட்டு அதைப் பந்தியில் பரிமாறுபவனுக்கு மன்னிப்பு உண்டா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது, படம் ஒட்டப்பட்டதா என்பது மட்டுமன்று. நடவாத சந்திப்பை நடந்ததாகக் காட்டி யாரைப் பழிக்க முயல்கிறது என்பதே முதற் கேள்வி.

இத்தொழிலின் சூட்சுமத்தையும் அறிந்து வைத்தல் நலம். அயலாளை ஒரு படத்தில் புகுத்துவோன் நான்கு காரியங்களைச் சரிக்கட்ட வேண்டும்: அவன்மேல் விழும் வெளிச்சம் மற்றவர்மேல் விழும் திசையிலேயே விழவேண்டும், அவன் காலடியில் நிழல் வேண்டும், தலைமயிரின் ஓரம் கத்தரித்தது போல் இராமல் பின்புறத்தோடு கலக்கவேண்டும், உருவத்தின் அளவு அவன் நிற்கும் தூரத்துக்கு ஒத்திருக்கவேண்டும். முற்காலத்தில் கத்தரியாலும் தூரிகையாலும் இதைச் செய்து, மறுபடி படமெடுத்து ஒட்டை மறைத்தனர். 1990-இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தபின் வேலை கணினிக்கு மாறியது.

2004-இல் ஜனாதிபதி பதவிக்கு முயன்ற ஜான் கெர்ரி, நடிகை ஜேன் பாண்டாவுடன் ஒரே மேடையில் நிற்கும் படம் பரவியது. 1971-இல் எடுத்த கெர்ரியின் படத்தில், 1972-இல் வேறொருவர் எடுத்த பாண்டாவைப் புகுத்தியிருந்தனர். கெர்ரியைப் படமெடுத்தவர் தம் நெகடிவைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பாண்டா இல்லை. பொய் பிடிபட்டது.

இன்றைய நிலை என்ன? நாலு வார்த்தை சொன்னால் யந்திரமே ஆளை உண்டாக்கி, வெளிச்சத்தையும் நிழலையும் தானே இசைத்துத் தருகிறது. எடுத்துக் காட்ட நெகடிவ் ஏது? ஓரத்தையும் நிழலையும் உற்று நோக்கும் கண் மட்டும் இனிப் போதாது. எடுத்தவர் யார், எந்த நாள், எந்த இடம், உடனிருந்தோர் யார் என்று கேட்கும் வாயும் வேண்டும்.

தோழர்களே! ஒருவரது மானத்தைக் கெடுக்கும் படம் நம் கைக்கு வந்தால், அது எதிரியினுடையதாயினும், விசாரிக்கும் வரையில் அடுத்தவர் கைக்கு மாற்றாதிருப்போம். ஒட்டியவன் ஒருவனே, 5 லட்சம் வீடுகளுக்குச் சுமந்து சென்ற கைகள் எத்தனை! அந்தக் கைகளில் ஒன்றாக நம் கை இருத்தல் ஆகாது.